நூறு பவுண் தலைவரி: ஒட்டாகோவில் தங்கம் அரித்த சீனர்கள்



தங்கத்தை நாங்கள் பவுண் கணக்கிலேதான் பேசுகிறோம். தாலிக்கொடி ஒன்பது பவுண், பதினொரு பவுண் என்கிறோம். காப்பு இரண்டு பவுண் என்கிறோம். இந்தப் 'பவுண்' எங்கேயிருந்து வந்தது என்று யாராவது யோசித்தது உண்டா? ஒரு ஸ்ரேர்லிங் பவுண் பெறுமதியுள்ள ஒரு தங்க நாணயத்தை ஆங்கிலேயர் புழக்கத்தில் வைத்திருந்தார்கள். அதற்கு 'சவரின்' என்று பெயர். ஏறத்தாழ 8 கிராம் எடை, 22 கரட் தங்கம். அந்த நாணயத்தின் எடைதான் எங்கள் நகைக்கடைப் பவுண். தமிழ்நாட்டில் அதையே சவரன் என்கிறார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், 1896 ஆம் ஆண்டு நியூசிலாந்து அரசு, இந்த நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சீனரும் 100 பவுண் தலைவரி கட்டவேண்டும் என்று சட்டம் போட்டது. அன்றைக்கு ஒரு பவுண் காசு என்றால் ஒரு தங்க நாணயம்தான். ஆகவே 100 பவுண் வரி என்பது, எங்கள் கணக்கில், ஆளுக்கு 100 பவுண் தங்கம். வேறு எந்த நாட்டிலிருந்து வந்தவரிடமும் இந்த வரி வாங்கப்படவில்லை. சீனரிடம் மட்டுமே வாங்கினார்கள்.

அப்படி வரி கட்டி வந்தவர்களுக்கு முன்னோடிகள், இதே நாட்டின் ஆற்றுப் படுக்கைகளில் இருந்து தங்கத்தை அரித்து எடுத்தவர்கள். அவர்கள் யார், என்ன முறையில் தங்கம் எடுத்தார்கள், நாடு அவர்களை எப்படி நடத்தியது, அவர்களுடைய கதை எப்படித் திரும்பவும் வெளியே வந்தது என்பதுதான் இம்மாத உரை. கடன்பட்டு, கடல் கடந்து, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த எங்களில் பலருக்கு இந்தக் கதையில் தெரிந்த முகங்கள் இருக்கும்.

அழைத்தது யார்?

1861 மே மாதம், தென் தீவின் ஒட்டாகோ மாகாணத்தில், இன்றைய லோறன்ஸ் நகருக்குப் பக்கத்தில், கேப்ரியல் றீட் என்பவர் தங்கம் கண்டார். அந்த இடத்துக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே அந்தப் பகுதியில் தங்கம் கண்ட இன்னொருவர் இருந்தார். அவர் இந்தியாவிலிருந்து வந்த எட்வேர்ட் பீற்றர்ஸ். அவரைக் 'கறுப்பு பீற்றர்' என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். பேரும் பரிசும் றீட்டுக்குப் போயின. பீற்றர்ஸுக்கு 1885 இல், அவருடைய முதுமையில், அரசாங்கம் 50 பவுண் மட்டும் கொடுத்தது.

றீட்டின் செய்தி பரவியதும் ஒஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் டனீடன் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். ஆனால் மேலோட்டமாகக் கிடந்த தங்கம் நான்கு ஆண்டுகளில் குறைந்துவிட்டது. 1865 அளவில் தென் தீவின் மேற்குக் கரையில் புதிய தங்கவயல்கள் கிடைத்தன. வெள்ளைத் தொழிலாளர் கூட்டம் அங்கே பாய்ந்தது. ஒட்டாகோவில் கடைகள் வெறிச்சோடின.

அப்போது டனீடன் வர்த்தக சபை ஒரு யோசனை செய்தது. ஒஸ்திரேலியாவின் விக்டோறியாத் தங்கவயல்களில் சீனர்கள் வேலை செய்கிறார்கள். மற்றவர்கள் விட்டுப்போன மண்ணையும் திரும்ப அரித்துப் பிழைக்கிறார்கள். சண்டை சச்சரவுக்குப் போவதில்லை. அவர்களை அழைத்தால் என்ன? மாகாண அரசும் பாதுகாப்புக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டது. 1865 டிசெம்பரில் முதல் பன்னிரண்டு சீனர்கள் வந்து சேர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அந்தத் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியது. பின்னர் சீனாவிலிருந்து நேரடியாகவும் வரத் தொடங்கினார்கள்.

நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவர்கள் அழையாமல் நுழைந்தவர்கள் அல்லர். வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைக்கப்பட்டவர்கள்.

வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் தென் சீனாவின் குவாங்டொங் மாகாணத்துக் கிராமத்தவர்கள். அந்தக் காலத்தில் அங்கே அபினிப் போர்கள், தைப்பிங் கிளர்ச்சி, உள்ளூர்க் குழுக்களுக்கிடையே ஆண்டுக்கணக்காக நடந்த சண்டைகள், நிலம் போதாமை, பஞ்சம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. சான் பிரான்சிஸ்கோவைப் 'பழைய தங்கமலை' என்றும், ஒஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்தைப் 'புதிய தங்கமலை' என்றும் அவர்கள் சொன்னார்கள். கப்பல் கூலிக்குக் காணியை ஈடு வைத்தார்கள், சொந்தக்காரரிடம் கடன் வாங்கினார்கள், அல்லது வியாபாரி ஒருவர் கட்டிவிட, உழைத்துக் கழித்தார்கள். கொஞ்சக் காலம் உழைப்பது, கடனைக் கட்டுவது, ஊருக்குத் திரும்பி ஒரு துண்டு நிலம் வாங்குவது. இதுதான் அவர்களுடைய திட்டம். ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்த எங்கள் ஆட்களின் திட்டமும் தொடக்கத்தில் இதுதானே.

அரிக்கன் சட்டியின் தத்துவம்

இனித் தொழிலுக்கு வருவோம். தங்கத்தை மண்ணிலிருந்து பிரிப்பது எப்படி?

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊரில் அரிசி களைந்து கல் அரிக்க அரிக்கன் சட்டி வைத்திருந்தோம். உள்பக்கம் வளையம் வளையமாக வரி போட்ட மண்சட்டி. என் அம்மம்மா அதில் அரிசியும் தண்ணீரும் விட்டுச் சுழற்றுவா. அரிசி தண்ணீரோடு மிதந்து அடுத்த சட்டிக்குள் போகும். கல் அந்த வரிகளுக்குள் தங்கிவிடும். பாரமானது கீழே நிற்கும், பாரமில்லாதது ஓடும். அவ்வளவுதான்.

தங்கவயலின் முழு விஞ்ஞானமும் இதுதான். ஒரே அளவான ஆற்றுமணலோடு ஒப்பிட்டால் தங்கம் ஏறத்தாழ ஏழு மடங்கு பாரமானது. ஒட்டாகோவின் பாறைகளில் மெல்லிய இழையாக ஓடிய தங்கம், மழையாலும் பனியாலும் பாறை உதிர்ந்து, ஆறுகளில் அடிபட்டு, வளைவுகளிலும் அடிப்பாறையின் வெடிப்புகளிலும் போய்ப் படிந்தது. பாரமான படியால் எப்போதும் அடியிலேயே கிடக்கும். அங்கே மட்டும் என்ன வித்தியாசம் என்றால், நாங்கள் மிதக்கிறதை எடுத்துக்கொண்டு அடியில் நின்றதை எறிந்தோம். அவர்கள் மிதக்கிறதை எறிந்துவிட்டு அடியில் நின்றதை எடுத்தார்கள்.

முதற் கருவி தட்டு. அகலமான தகரத் தட்டில் மண்ணும் தண்ணீரும் எடுத்துச் சுழற்றிச் சுழற்றி மேல் மண்ணை வழியவிட, கடைசியில் கறுப்பு மணலும் சில பொன் துகள்களும் மிஞ்சும். நான் அரோடவுனில் ஒருமுறை வாடகைத் தட்டு எடுத்து ஆற்றில் இறங்கிப் பார்த்தேன். கோடை காலத்திலேயே கால் விறைத்தது. அரை மணித்தியாலத்தில் முதுகு வலித்தது. அவர்கள் மாரிகாலத்திலும் இதைச் செய்தார்கள்.

தட்டால் ஒரு நாளைக்கு அரிக்கக்கூடிய மண் கொஞ்சம்தான். எனவே இரண்டாவது கருவி, 'தொட்டில்'. குழந்தைத் தொட்டில் போலவே அடியில் வளைகட்டை வைத்த மரப்பெட்டி. மேலே ஓட்டை போட்ட தகடு. ஒருவர் மண் கொட்ட, ஒருவர் தண்ணீர் ஊற்றி ஆட்டுவார். பெரிய கல் மேலே நிற்கும். நுண்மண் கீழே விரித்த கம்பளித் துணியின் மேலாகவும் குறுக்குச் சட்டங்களின் மேலாகவும் ஓடும். தங்கம் அந்தத் துணியிலும் சட்டத்தின் மூலையிலும் பிடிபடும்.

மூன்றாவது, நீண்ட மரவாய்க்கால். பல அடி நீளமான மரத் தொட்டியைச் சரிவாக வைத்து, அடியில் குறுக்குச் சட்டங்கள் அடித்து, இடைவிடாமல் தண்ணீரை ஓடவிட்டு, மண்ணை அதற்குள் வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரை நிறுத்தி, சட்டங்களைக் கழற்றி, தேங்கியதைத் தட்டில் அரிப்பார்கள். பார்த்தால், இது ஆள் உயர அரிக்கன் சட்டியை நீட்டி வைத்தது போலத்தான்.

கண்ணுக்குத் தெரியாத பொடித் தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் பயன்பட்டது. பாதரசம் தங்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பின்னர் தோலில் வைத்துப் பிழிந்து, மிஞ்சிய கட்டியைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போக, தங்கம் மிஞ்சும். அந்த ஆவி நஞ்சு. மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

தண்ணீரைக் கட்டி ஆண்டவர்கள்

இவை ஒன்றும் சீனரின் இரகசியம் அல்ல. தட்டும் தொட்டிலும் மரவாய்க்காலும் வெள்ளையரிடமும் இருந்தன. பிறகு எப்படி, மற்றவர்கள் கைவிட்ட மண்ணில் சீனரால் பிழைக்க முடிந்தது?

முதலாவது காரணம் தண்ணீர். நெல் விளைந்த ஊரிலிருந்து வந்த விவசாயிகளுக்கு, எங்கே மறித்தால் எங்கே பாயும் என்பது கைவந்த கலை. மலைச்சரிவில் மேலே ஓடும் ஓடையை மறித்து, சரிவின் வளைவுக்கேற்ப மெல்லிய இறக்கத்தோடு வாய்க்கால் வெட்டி, தங்கம் உள்ள மேட்டின் தலைக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து தண்ணீரை மேட்டின்மேல் விழவிட, மண் கரைந்து கீழே வெட்டிய ஒரு கழிவு வாய்க்காலுக்குள் ஓடும். தங்கம் அந்த வாய்க்காலின் அடியில் படியும். ஆளின் மண்வெட்டி செய்கிற வேலையைத் தண்ணீர் செய்யும்.

ஆற்றின் நடுப்படுக்கையில் தங்கம் இருந்தால், கல்லாலும் மரத்தாலும் மண்ணாலும் ஆற்றின் ஒரு பக்கத்தை அணைபோட்டு ஒதுக்கி, உள்ளே நிற்கும் தண்ணீரை இறைத்து, படுக்கையைத் தோண்டுவார்கள். எங்கள் தோட்டங்களுக்குத் துலா மிதித்து இறைத்ததுபோல், குவாங்டொங்கில் வயலுக்குக் காலால் மிதித்து இறைக்கும் ஒரு மரப்பொறி இருந்தது. சங்கிலிபோல் கோத்த பலகைகள் ஒரு மரத்தொட்டிக்குள்ளாகத் தண்ணீரை மேலே தள்ளிவரும். 'ட்ராகனின் முதுகெலும்பு' என்று அதற்குப் பெயர். தங்கவயற் குழிகளில் நீர் இறைக்கவும் இதே தத்துவத்தில் அமைந்த, பலகை கோத்த பம்புகள் பயன்பட்டன.

இரண்டாவது காரணம் கூட்டு. தனி ஆளாக அன்றி, ஒரே ஊர், ஒரே பரம்பரையைச் சேர்ந்த நாலு பேர், ஆறு பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தை எடுப்பார்கள். செலவும் வரவும் பங்கு. ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் வேலையைக் கொண்டுபோவார்கள். எங்கள் சீட்டுப் பிடித்தலும் பங்குக் கிணறும் தெரிந்தவர்களுக்கு இதன் பலம் விளங்கும்.

மூன்றாவது காரணம் பொறுமை. ஒரு வெள்ளைத் தொழிலாளி அரைவாசி அரித்துவிட்டு, அடுத்த ஊரில் அதிகம் கிடைக்கிறதாம் என்று எறிந்துவிட்டுப் போன மண்ணை இவர்கள் முதலிலிருந்து அரித்தார்கள். வழியில் கிடந்த பாறாங்கற்களைக் கையால் தூக்கி, ஒழுங்காகச் சுவர்போல் அடுக்கி வைத்துவிட்டு, அடிப்பாறைவரை போய், வெடிப்புகளைக் கூட்டித் துடைத்து எடுத்தார்கள். பொற்பட்டறையில் பத்தர் வேலை முடிந்ததும் தரையைக் கூட்டி அந்தத் தூசியைக்கூடக் கழுவி எடுப்பாரே, அதே புத்தி. ஒட்டாகோவின் ஆற்றங்கரைகளில் அப்படி அடுக்கிய கல்வரிசைகள் இன்றும் நிற்கின்றன. எழுதப்படாத வேலைக் கணக்காக அவை கிடக்கின்றன.

கிடைத்ததை நிறுக்க ஒவ்வொருவரிடமும் சிறிய கோல் இருந்தது. எங்கள் வெள்ளிக்கோல் போன்றதுதான். ஒரு பக்கம் தட்டு, கோலில் புள்ளிகள், நகர்த்தும் படிக்கல். அதை ஒரு சிறு மரக்கூட்டுக்குள் வைத்து மடியில் கொண்டு திரிந்தார்கள்.

ஒக்லாந்துக்குப் பக்கத்தில் கொரமண்டலிலும் தேம்ஸிலும் வைகியிலும் தங்கம் இருந்ததே, அங்கே ஏன் சீனர் இல்லை என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். இங்குள்ள தங்கம் வெண்கற்பாறைக்குள் பூட்டிக்கிடந்தது. பாறையை இடிக்க இயந்திரம் வேண்டும், முதலீடு வேண்டும், கம்பனி வேண்டும். கரங்கஹாக்கே பள்ளத்தாக்கில் 1889 இல் சயனைட் கரைசலால் தங்கம் பிரிக்கும் முறையும் வந்தது. அது கம்பனிகளின் உலகம். சீனர்களின் முறை ஆற்றுக்கும் மண்ணுக்கும் உரியது.

அவர்களிலும் பெரிய முதலீட்டில் இறங்கிய ஒருவர் உண்டு. டனீடன் வியாபாரி சோய் சியூ ஹோய். 1889 இல் ஷொட்டோவர் ஆற்றில், நீராவியால் இயங்கும் வாளிச்சங்கிலிப் படகு ஒன்றை அவருடைய கம்பனி ஓட்டியது. வரிசையாகக் கோத்த வாளிகள் ஆற்றின் அடியிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டுவர, படகிலேயே அரிப்பு நடக்கும். அந்தப் படகு நன்றாக உழைத்ததைக் கண்டபின்தான் மற்றவர்களும் படகு கட்டத் துடித்தார்கள். பத்து ஆண்டுகளில் ஒட்டாகோ முழுவதும் அது பெரும் தொழிலாகியது.

ஊருக்கு வெளியே ஓர் ஊர்

லோறன்ஸ் நகரத்துக்குள் சீனர் குடியிருக்க விடப்படவில்லை. எனவே 1867 இல் நகர எல்லைக்கு வெளியே, சதுப்பான ஓர் இடத்தில், தங்கள் முகாமை அமைத்தார்கள். கடைகள், உணவுச்சாலை, கோயில், சூதாடும் இடம் எல்லாம் அங்கே உருவாகின. அரோடவுனில் ஓடைக்கரையில் கல்லாலும் மண்ணாலும் புல்வேய்ந்த கூரையாலும் குடிசைகள் கட்டினார்கள். சில குடிசைகள் பாறைக் குடைவின் வாயில் ஒரு சுவரை மட்டும் எழுப்பியவை. நடுத்தர உயரமுள்ள ஒருவர் குனிந்துதான் உள்ளே போகலாம்.

அரோடவுனில் ஆ லம் என்பவர் நடத்திய கடை இன்றும் நிற்கிறது. அது வெறும் பலசரக்குக் கடை அல்ல. அரிசி, சோயா, தேயிலை, மருந்து விற்ற இடம். பணத்தைப் பாதுகாத்து வைத்த இடம். ஊருக்குக் கடிதம் எழுதுவித்த இடம். ஆங்கிலம் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்புக் கிடைத்த இடம்.  எங்கள் சமூகம் இங்கே வந்த தொடக்க காலத்தில் தமிழ்க்கடைகள் என்ன செய்தனவோ, அதைத்தான் அந்தக் கடையும் செய்தது.

அந்த வாழ்வின் பெரிய குறை தனிமை. 1881 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நியூசிலாந்தில் 5,004 சீனர் இருந்தார்கள். அவர்களில் பெண்கள் ஒன்பது பேர் மட்டுமே. மனைவிமார் ஊரில் இருந்தார்கள். காசு போகும், கடிதம் வரும். சிலர் ஓரிரு தரம் ஊர்போய் வந்தார்கள். பலர் ஒருதரமும் போகவில்லை. தகப்பனைப் படத்தில் மட்டும் கண்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் மத்தியிலும் இருக்கிறார்கள். அதனால் இதைப்பற்றி நான் அதிகம் விளக்கவில்லை.

சட்டத்தால் போட்ட வேலி

1871 இல் பாராளுமன்றம் ஒரு குழுவை வைத்து, சீனரின் வருகையால் நாட்டுக்குக் கேடு உண்டா என்று விசாரித்தது. அவர்கள் ஒழுங்கானவர்கள், உழைப்பாளிகள், தடைசெய்யக் காரணமில்லை என்பதே அந்தக் குழுவின் முடிவு. ஆனால் பத்தே ஆண்டுகளில் காற்று மாறியது. வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. அரசியல்வாதிகளுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான்.

1881 இல் முதலாவது சட்டம். ஆளுக்கு 10 பவுண் தலைவரி. அதோடு, கப்பலின் ஒவ்வொரு 10 தொன்னுக்கும் ஒரு சீனர் மட்டுமே. 1888 இல் அது 100 தொன்னுக்கு ஒருவர் ஆனது. 1896 இல் 200 தொன்னுக்கு ஒருவர். வரியோ 100 பவுண். கணக்குப் பாருங்கள். 2,000 தொன் கப்பலில் முதலில் 200 பேர் வரலாம், பிறகு 20 பேர், கடைசியில் 10 பேர்.

1898 இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது சீனருக்கும் ஏனைய ஆசியருக்கும் இல்லை என்றார்கள். பல ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்த கிழவருக்கும் இல்லை. 1907 இல், ஓர் அதிகாரி காட்டும் 100 ஆங்கிலச் சொற்களை வாசித்துக் காட்டவேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது. 1908 இலிருந்து சீனர் பிரசாவுரிமை பெறும் வழி மூடப்பட்டது. 1952 வரை அது திறக்கவில்லை. 1948 இல் இலங்கையில் ஒரு பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத்தில் இலட்சக்கணக்கான தமிழர் ஒரே நாளில் நாடற்றவர் ஆனதை அறிந்த எங்களுக்கு, ஒரு தாளில் போடும் கையெழுத்து என்ன செய்யும் என்று தெரியும்.

சட்டம் ஒதுக்கி வைத்தவர்கள்மேல் தெருவிலும் கை நீள்கிறது. 1905 செப்ரெம்பரில் வெலிங்டன் ஹெயினிங் தெருவில், ஜோ கும் யுங் என்ற வயது போன முன்னாள் தங்கத் தொழிலாளியை லயனல் ரெறி என்பவன் சுட்டுக் கொன்றான். ஆசியர் வருகைக்கு எதிர்ப்புத் தெரிவிக்கவே சுட்டதாக அவனே சொன்னான். இறந்தவருக்கும் அவனுக்கும் எந்தப் பகையும் இருக்கவில்லை.

தலைவரி 1934 இல் வாங்காமல் விடப்பட்டு, 1944 இல் சட்டப்படி நீக்கப்பட்டது.

கரை சேர்ந்த எலும்புகள்

உயிரோடு திரும்ப முடியாதவர்கள் எலும்பாகவாவது ஊர் சேரவேண்டும் என்று விரும்பினார்கள். பிள்ளைகள் கல்லறையில் படையல் வைக்காவிட்டால் ஆவி பசியோடு அலையும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போகிற எங்களுக்கு இது புதிதல்ல. டனீடனில் இருந்த சீனச் சங்கம் ஒன்று காசு சேர்த்து, 1883 இல் 230 பேருடைய எச்சங்களைத் தோண்டி எடுத்து ஊருக்கு அனுப்பியது.

1902 இல் இரண்டாம் தடவை. 499 பேரின் எச்சங்கள் 'வென்ற்னர்' என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு காலமான சோய் சியூ ஹோயின் உடலும் அதில் இருந்தது. ஒக்டோபர் இறுதியில் வெலிங்டனிலிருந்து ஹொங்கொங் நோக்கிப் புறப்பட்ட கப்பல், தரனாக்கிக் கரைக்கு அப்பால் பாறையில் மோதியது. திருத்த வேலைக்காக எங்கள் ஒக்லாந்துக்குக் கொண்டுவர முயன்றார்கள். முடியவில்லை. ஒக்டோபர் 28 ஆம் திகதி ஹொக்கியாங்காவுக்கு வெளியே மூழ்கியது. 13 பேர் இறந்தார்கள்.

பின்னர் சில எலும்புகள் வடக்குக் கரையில் ஒதுங்கின. யாருடைய எலும்பு என்று தெரியாமலே, அந்தக் கரையின் மாவோரி மக்களான தெ ரொரோவா, தெ ரறாவா இனத்தவர்கள் அவற்றை எடுத்துத் தங்கள் மண்ணில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின் சீன வழித்தோன்றல்கள் தேடி வந்தபோது, அந்தக் கதை அவர்களுக்காகக் காத்திருந்தது. 2013 ஏப்ரலில், முன்னோருக்குப் படைக்கும் சிங்மிங் காலத்தில், அந்தக் கரையில் நினைவுச் சின்னங்கள் திறக்கப்பட்டன. நாடு வரி கேட்ட மனிதரை, அந்தக் கடற்கரை ஒன்றும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

நினைவு எப்படி மீண்டது?

நீண்ட காலம் சீனக் குடும்பங்களே இதைப் பேசவில்லை. தலைவரி கட்டியதை வெட்கமாக நினைத்து மறைத்தவர்கள் பலர். நிலைமை மாறியது மூன்று வேலைகளால்.

ஒன்று மண்ணைத் தோண்டியது. கிளைட் அணைத் திட்டத்தால் குரொம்வெல் பகுதி நீருக்குள் போகப்போகிறது என்று தெரிந்ததும், தொல்லியலாளர் நெவில் றிச்சி அங்கிருந்த சீனக் குடியிருப்பை 1980 அளவில் அகழ்ந்தார். அரோடவுன் குடியிருப்பும் 1983 இல் அகழப்பட்டுப் பின்னர் சீர்செய்யப்பட்டது. சோற்றுக் கோப்பை, சோயாச் சாடி, மருந்துப் புட்டி, சூதாட்டக் காய், செப்புக் காசு என்று ஒரு வாழ்க்கை வெளியே வந்தது.

இரண்டு, ஏட்டைத் தேடியது. அலெக்சாண்டர் டொன் என்ற பிரஸ்பிற்றேரியன் போதகர் தங்கவயல்களில் நடந்து திரிந்து, தான் சந்தித்த ஆயிரக்கணக்கான சீனரின் பெயர், ஊர், தொழிலைக் குறித்து வைத்திருந்தார். மதம் மாற்றப் போனவர் அதிகம் பேரை மாற்றவில்லை. ஆனால் அவருடைய குறிப்பேடு இன்று பேரப்பிள்ளைகளுக்கு விலைமதிப்பற்றது. அதையும் வேறு ஆவணங்களையும் வைத்து, டனீடன் மருத்துவர் ஜேம்ஸ் இங் 1993 முதல் 1999 வரை நான்கு பாகங்களாக அந்த மக்களின் வரலாற்றை எழுதினார்.

மூன்று, கேட்டது. வழித்தோன்றல்கள் அரசாங்கத்திடம் கேட்டார்கள். கையில் இரசீது இருந்தது, பெயர் இருந்தது, திகதி இருந்தது. 2002 பெப்ரவரி 12 ஆம் திகதி, சீனப் புத்தாண்டு அன்று, பிரதமர் ஹெலன் கிளார்க் நியூசிலாந்து அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2004 இல் 50 இலட்சம் டொலர் நிதியோடு தலைவரி மரபுரிமை நிதியம் உருவானது.

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. இந்நாட்டில் சீனக் குடும்ப வாழ்க்கை பரவலாக வேர்விட்டது அகதிகளால். யப்பான் 1937 இல் சீனாவுக்குள் படையெடுத்தபின், 1939 இல் இங்கிருந்த ஆண்களின் மனைவி பிள்ளைகள் ஏறத்தாழ 500 பேரைப் போர் அகதிகளாக எடுக்க அரசு சம்மதித்தது. இரண்டு ஆண்டுகள் மட்டும், பிறகு திரும்பவேண்டும், அதற்குப் பிணைப்பணம் கட்டவேண்டும் என்பது நிபந்தனை. போர் நீண்டது. 1947 இல் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தது. 'தற்காலிகம்' என்று முத்திரை குத்தி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே மருத்துவர்கள், ஆசிரியர்கள்.

ஒக்லாந்திலும் சீன முன்னோடிகளின் தடம் எங்கள் காலடியில் கிடக்கிறது. பார்னெல் அடிவாரத்தில், முன்னர் கார்லோ பார்க் விளையாட்டரங்கு இருந்த இடத்தில், 1882 முதல் சான் டா சீ என்பவர் மரக்கறித் தோட்டம் செய்தார். அவருடைய பேரன் ரொம் ஆ சீ முன்னின்று 1958 இல் ஒட்டாஹூஹூவில் திறந்ததுதான் முதலாவது 'ஃபுட்டவுன்' சுப்பர்மார்க்கெற். அந்தப் பெயர் இப்போது கடைப் பலகைகளில் இல்லை. ஆனால் இங்கு முதலில் வந்த எங்கள் ஆட்கள் பலர் அரிசியும் பாலும் வாங்கிய இடம் அது.

எங்களுக்கு என்ன?

தங்கத்தை எடுத்தவர்களிடம் தங்கம் தங்கவில்லை. கடனுக்கும் ஊருக்கும் வரிக்கும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு மிஞ்சியது ஓர் இரசீது, ஒரு போதகரின் குறிப்பேடு, ஒரு கடற்கரை மக்களின் வாய்க்கதை. நீதி கேட்க அவை போதுமாக இருந்தன. அவையும் இல்லாத குடும்பங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் வீடுகளில் என்ன இருக்கிறது? முகாம் அட்டை, பங்கீட்டு அட்டை, விசா கிடைத்த கடிதம், முதல் வேலையின் சம்பளச் சீட்டு, ஊரிலிருந்து வந்த நீலக் கடிதங்கள். வீடு மாறும்போது குப்பைக்குள் போவது இவைதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எங்கள் பெரியவர்களுக்கு வயது போகிறது. எந்தப் பாதையால் வந்தார்கள், யாரிடம் கடன்பட்டார்கள், முதல் மாரியை எப்படிக் கழித்தார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அல்லது கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போதும். பெயரையும் ஊரையும் ஆண்டையும் தவறாமல் குறியுங்கள். பின்னால் தேடுபவருக்கு முதலில் வேண்டியது அவைதான்.

பள்ளி விடுமுறைக்குக் குவீன்ஸ்டவுன் பக்கம் போகிறவர்கள், அரோடவுனுக்கு ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரம்தான். சீனக் குடியிருப்பை நடந்து பார்க்கக் கட்டணம் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு தட்டு வாடகைக்கு எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தங்கம் கிடைக்குமோ என்னவோ, பாரமானது எப்படி அடியில் தங்குகிறது என்று அவர்கள் கண்ணால் காண்பார்கள். அம்மம்மாமார் கூட வந்தால் அரிக்கன் சட்டியைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாத உரையில் சந்திப்போம்.